கரைக்காக எழுந்த கோபுரங்கள்

தொலைபேசியும் தென்கரையும் – அத்தியாயம் 12

இந்தியாவில் செல்பேசிச் சேவையின் தொடக்க காலத்தை ஆராய்வோர் பெரும்பாலும் தில்லியின் உரிமக் கொள்கை, பெருநகரங்களின் வணிகப் போட்டி, கட்டணச் சரிவு ஆகிய மூன்றையுமே வரலாற்றின் நடுவில் வைத்துப் பார்க்கின்றனர். கேரளத்தின் தென்கரையிலிருந்து நோக்கும்போது அதே காலம் வேறொரு கேள்வியை எழுப்புகிறது. நிலத்தில் வாழும் சந்தாதாரரைக் கணக்கிட்டு எழுப்பப்பட்ட ஒரு வலையமைப்பு, கடலில் பிழைப்பவருக்கு எதுவரை துணைநின்றது, எந்த இடத்தில் அவரைக் கைவிட்டது என்பதே அக்கேள்வி. திருவனந்தபுரம் மாவட்டத்தின் பூந்துறை, விழிஞம், பொழியூர் முதலிய மீனவ ஊர்களிலும், அவற்றை அடுத்துக் கன்னியாகுமரி மாவட்டத்தில் தொடரும் நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் முதலிய ஊர்களிலும் இதற்கான விடையைத் தீர்மானித்தவை வானொலி அலையின் இயல்பும் உரிம வரைபடமும் ஆகும்.

சென்ற அத்தியாயம், 1984இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனத்தின் சிறிய தொலைபேசி நிலையங்களும் தெருமுனை எஸ்.டி.டி. சாவடிகளும் கம்பிவழித் தொலைபேசியைச் சிற்றூர்வரை கொண்டுசென்ற விதத்தை விவரித்தது. கம்பி முடியும் இடத்திலிருந்து இவ்வத்தியாயம் தொடங்குகிறது.

உரிம வரைபடம்

1994ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை, அதுவரை மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்திவந்த சேவையில் தனியார் நுழைவதற்கு வழி திறந்தது. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கொல்கத்தாவின் ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து தில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியது நாட்டின் முதல் செல்பேசி அழைப்பாகப் பதிவாயிற்று. தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்கள் தனித்தனி உரிமப் பகுதிகளாக அமைய, எஞ்சிய நாடு 'தொலைத்தொடர்பு வட்டம்' எனப்படும் பகுதிகளாக, பெரும்பாலும் மாநில எல்லைகளை ஒட்டியே பிரிக்கப்பட்டு, வருவாய் வாய்ப்புக்கேற்ப ஏ, பி, சி என வகைப்படுத்தப்பட்டது. தமிழ்நாட்டு வட்டம் ஏ பிரிவிலும், லட்சத்தீவையும் மாஹேயையும் உள்ளடக்கிய கேரள வட்டம் பி பிரிவிலும் வைக்கப்பட்டன. ஒரு வட்டத்துக்கு இரு தனியார் நிறுவனங்கள் என்ற விதிப்படி கேரளத்தில் எஸ்கோடெல், பி.பி.எல். மொபைல் ஆகிய இரண்டும் உரிமம் பெற்றன.

1996 செப்டம்பர் 17 அன்று கொச்சியின் அவென்யூ ரீஜென்ட் ஓட்டலில் நடந்த விழாவில், தென் கடற்படைத் தலைமையகத்தின் தளபதி ஏ. ஆர். டாண்டனுடன் எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளை பேசியதே கேரளத்தின் முதல் செல்பேசி அழைப்பு. 1956இல் வெளிவந்து, பின்னர் சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழ் வாசகருக்கும் நெருக்கமான 'செம்மீன்' நாவலில் கடலோர மக்களின் வாழ்வை எழுதியவரைக் கொண்டே அச்சேவை தொடங்கிவைக்கப்பட்டது என்றாலும், நிறுவனங்களின் கணக்கில் கடலோர மக்கள் அப்போது இடம்பெற்றிருக்க வாய்ப்பில்லை. பரபரப்பான நேரத்தில் ஒரு நிமிடத்துக்கு 16 ரூபாய் 80 காசு வரை கட்டணம் இருந்தது. அழைப்பவர் மட்டுமன்றி அழைப்பை ஏற்பவரும் பணம் செலுத்த வேண்டியிருந்தது. வணிகர், மருத்துவர், ஒப்பந்ததாரர், வளைகுடாவிலிருந்து திரும்பியோர் ஆகியோரை எதிர்நோக்கி, 9847 என்று தொடங்கும் எஸ்கோடெல் எண்களும் 9846 என்று தொடங்கும் பி.பி.எல். எண்களும் விற்பனைக்கு வந்தன.

செல் என்னும் கணக்கு

ஒரு நகரத்தின் நடுவில் மிக உயர்ந்த கோபுரம் ஒன்றை நிறுவி, மிகுந்த ஆற்றலுடன் அலைபரப்பினால் நகரம் முழுவதையும் எட்டிவிடலாம். ஆயினும் அந்தக் கோபுரத்துக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளின் எண்ணிக்கைக்கு மேல் ஓர் அழைப்பைக்கூடக் கூடுதலாகத் தாங்க முடியாது. 1940களில் அமெரிக்க நகரங்களில் இயங்கிய கார் தொலைபேசிகள் இந்த இக்கட்டில்தான் சிக்கியிருந்தன. 1947 டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தின் டக்ளஸ் ரிங் எழுதிய உள்குறிப்பு ஒன்று இதற்கு வழிகாட்டியது. நிலப்பரப்பைச் சிறுசிறு அறுகோணப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆற்றல் குறைந்த அலைபரப்பியை வைத்து, அடுத்தடுத்த பகுதிகளுக்கு வெவ்வேறு அலைவரிசைகளை வழங்கி, போதிய தொலைவுக்கு அப்பால் உள்ள பகுதியில் அதே அலைவரிசையை மீண்டும் பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம். 'செல்' என்று பெயர் பெற்ற இப்பகுதிகளே செல்பேசியின் பெயருக்கும் மூலம். எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையில் மூன்று பத்தாண்டுகள் கடந்தன. 1979இல் டோக்கியோவிலும் 1983இல் சிகாகோவிலும் செல் முறையிலான வணிகச் சேவைகள் தொடங்கின.

இந்தியா தேர்ந்துகொண்டது ஐரோப்பாவில் உருவான ஜி.எஸ்.எம். என்ற எண்ணிமத் தொழில்நுட்பம். அதன் முதல் அழைப்பு 1991 ஜூலை 1 அன்று பின்லாந்தில் நிகழ்ந்தது. பேச்சை எண்களாக மாற்றிச் சிறு துண்டுகளாக அனுப்பும் இம்முறையில், 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே அலைவரிசையை எட்டு பேர் மாறிமாறிப் பயன்படுத்துவர். ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் நேரத் துண்டின் அளவு 577 மைக்ரோ நொடி, அதாவது ஒரு நொடியில் ஏறத்தாழ 1,730இல் ஒரு பங்கு. சுற்று மிக விரைவாகத் திரும்பிவருவதால் கேட்பவரின் காதுக்கு இடைவெளி புலப்படுவதில்லை.

தொடக்க உரிமங்களில் ஒரு நிறுவனத்துக்குக் கிடைத்த அலைக்கற்றை, அதாவது பயன்படுத்த அனுமதிக்கப்பட்ட அலைவரிசைகளின் தொகுதி, போகவும் வரவும் தலா 4.4 மெகாஹெர்ட்ஸ் வரையே ஆகும். அதை 200 கிலோஹெர்ட்ஸ் வீதம் பிரித்தால் 22 அலைவரிசைகள் கிடைக்கும். நான்கு கோபுரங்கள் கொண்ட தொகுதிக்குள் எந்த அலைவரிசையும் இருமுறை வரக்கூடாது என்றும், ஒவ்வொரு கோபுரமும் மூன்று திசைகளுக்கு மூன்று செல்களை இயக்குகிறது என்றும் வைத்துக்கொண்டால், 12 செல்களுக்கு 22 அலைவரிசைகள், அதாவது செல்லுக்கு இரண்டுக்கும் குறைவு. இரண்டு அலைவரிசை கிடைத்த செல்லில்கூட 16 நேரத் துண்டுகளே உண்டு. அவற்றில் ஒன்றிரண்டு கட்டுப்பாட்டுச் செய்திகளுக்குப் போக, ஒரே வேளையில் 14 பேர் மட்டுமே பேச இயலும்.

பதினான்கு பாதைகள் எத்தனை சந்தாதாரருக்குப் போதும் என்பதைக் கணக்கிட, டென்மார்க்கின் கணித அறிஞர் எர்லாங் 1917இல் வெளியிட்ட வாய்பாடு இன்றும் பயன்படுகிறது. பரபரப்பான மணிநேரத்தில் ஒருவர் சராசரியாக ஒன்றரை நிமிடம் பேசுகிறார் என்றும், நூற்றில் இரண்டு அழைப்புகள் தடைபட்டாலும் ஏற்கத்தக்கது என்றும் கொண்டால், அந்த ஒரு செல் ஏறத்தாழ 330 பேரைத் தாங்கும். பயனர் பெருகினால் செல்களைச் சிறிதாக்கிக் கோபுரங்களை நெருக்கமாக்குவது தவிர வேறு வழி குறைவு. திருவனந்தபுரத்தின் பாளையம், தம்பானூர், கிழக்கேகோட்டை போன்ற நெரிசல் மிகுந்த இடங்களில் கோபுரங்கள் நெருங்கி நிற்பதற்கும், பொன்முடி மலைப்பகுதியில் அவை அரிதாக நிற்பதற்கும் இந்தக் கணக்கே அடிப்படை. செல்பேசி வலையமைப்பின் உருவத்தை முடிவுசெய்வது நிலத்தின் பரப்பளவு மட்டுமன்று. அந்நிலத்தில் எத்தனை பேர், எவ்வளவு நேரம், என்ன விலை கொடுத்துப் பேசுவர் என்ற மதிப்பீடுமாகும்.

ஓர் அழைப்பின் பயணம்

கம்பியில்லாத் தொலைபேசி என்று அழைக்கப்பட்டாலும், செல்பேசி அழைப்பின் பாதையில் காற்றுவழிப் பகுதி மிகக் குறுகியதே. பேசுபவரின் கருவியிலிருந்து அருகிலுள்ள கோபுரம்வரை மட்டுமே அலை செல்கிறது. கோபுரத்தின் அடியில் உள்ள தள நிலையம் அதைப் பெற்று, நுண்ணலை இணைப்பு வழியாகவோ கண்ணாடியிழை வழியாகவோ கட்டுப்பாட்டு நிலையத்துக்கும், அங்கிருந்து இணைப்பு மாற்றகத்துக்கும் அனுப்புகிறது. பழைய தொலைபேசி நிலையம் செய்த வேலையை இந்த மாற்றகம் செய்கிறது என்றாலும், அதற்கு ஒரு புதிய சுமை உண்டு: யார் எங்கே இருக்கிறார் என்பதை அது இடைவிடாமல் அறிந்திருக்க வேண்டும்.

இதற்காக வலையமைப்பு இரண்டு பதிவேடுகளைப் பேணுகிறது. சந்தாதாரரின் எண்ணும் உரிமைகளும் நிலையாகப் பதிவாகியிருப்பது தாய்ப் பதிவேடு. அவர் தற்போது உலவும் பகுதியின் மாற்றகம் தற்காலிகமாக வைத்திருப்பது வருகைப் பதிவேடு. சிம் அட்டையில் பொதிந்துள்ள 15 இலக்க அடையாள எண் இந்த இரண்டையும் இணைக்கிறது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டையும், அடுத்தவை நிறுவனத்தையும் வட்டத்தையும், எஞ்சியவை சந்தாதாரரையும் குறிக்கும். கருவி பேச்சின்றி இருக்கும்போதும் கோபுரங்களின் அறிவிப்பு அலையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பல செல்கள் சேர்ந்த ஓர் 'இருப்பிடப் பகுதி'யிலிருந்து மற்றொன்றுக்குள் நுழைந்ததும் தன் வருகையைத் தெரிவிக்கிறது. நுழையாவிட்டாலும் குறித்த இடைவெளியில் தான் இருப்பதை உறுதிசெய்கிறது.

விழிஞத்தில் இருக்கும் ஒருவரைப் பாளையத்திலிருந்து மற்றொருவர் அழைப்பதாகக் கொள்வோம். மாற்றகம் தாய்ப் பதிவேட்டைக் கேட்டு, அழைக்கப்பட்டவர் எந்த வருகைப் பதிவேட்டில் உள்ளார் என்பதை அறிந்து, அவருடைய இருப்பிடப் பகுதியின் எல்லாக் கோபுரங்களிலிருந்தும் அவரது அடையாளத்தைத் தண்டோரா போடுவதுபோல் கூவ வைக்கிறது. அதைக் கேட்ட கருவி தன் செல்லிலிருந்து பதில் தந்ததும், அந்த ஒரு செல்லில் ஒரு நேரத் துண்டு ஒதுக்கப்பட்டு மணி அடிக்கிறது. பேசிக்கொண்டே அவர் பேருந்தில் கோவளம் பக்கம் சென்றால், கருவி பக்கத்துச் செல்களின் அலைவலிமையையும் அளந்து அனுப்பிக்கொண்டிருப்பதால், ஒரு செல் மங்கி மற்றொன்று வலுக்கும் கட்டத்தில் அழைப்பு அறுபடாமல் புதிய செல்லுக்குக் கைமாற்றப்படுகிறது.

கூவலுக்குப் பதில் வராதபோது வலையமைப்பால் ஒன்றை மட்டுமே சொல்ல முடியும்: கருவி தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது, அல்லது அணைக்கப்பட்டுள்ளது. இவ்விரண்டில் எது உண்மை என்பதை அதனால் பிரித்தறிய இயலாது. கருவி கடைசியாக எந்தப் பகுதியில் இருந்தது என்ற பதிவு மட்டுமே எஞ்சும்.

35 கிலோமீட்டர்

கேரளத்தின் பெருநகரங்களும் சந்தை ஊர்களும் பெருமளவு கடற்கரையை ஒட்டியே அமைந்திருப்பதால், தொடக்ககாலக் கோபுரங்களும் கரைக்கு அருகிலேயே எழுந்தன. தென்னந்தோப்புகளும் செம்மண் குன்றுகளும் நிறைந்த கிழக்குப் பக்கத்தில் இலைச்செறிவும் மேடுகளும் அலையை விழுங்கிவிட, தடையேதும் இல்லாத மேற்குப் பக்கத்தில் அதே அலை கடல்மேல் நெடுந்தொலைவு பரவியது. பணம் செலுத்தும் சந்தாதாரரைத் தேடி அனுப்பப்பட்ட அலையின் ஒரு பங்கு, யாரும் திட்டமிடாமலே மீன்பிடிக்கும் பரப்பின்மேல் விழுந்தது. கரையிலிருந்து 20 முதல் 25 கிலோமீட்டர்வரை பேச முடிந்தது; அன்றாடம் சென்று திரும்பும் வள்ளங்கள் பெரும்பாலும் தொழில் செய்ததும் அந்தத் தொலைவுக்குள்தான்.

அந்தப் பரவலுக்கு இரண்டு எல்லைகள் இருந்தன. முதலாவது பூமியின் வளைவு. வானொலி அலை அடிவானத்தைச் சற்றே தாண்டி வளையக்கூடியது என்றாலும், 40 மீட்டர் உயரத்தில் உள்ள அலைவாங்கிக்கும் வள்ளத்தில் இருப்பவர் கையில் 2 மீட்டர் உயரத்தில் உள்ள கருவிக்கும் இடையே நேர்வழி கிடைப்பது ஏறத்தாழ 32 கிலோமீட்டர்வரை மட்டுமே. குன்றின்மேல் கோபுரம் நின்றால் தொலைவு கூடும். எனவே மேட்டு நிலத்துக் கோபுரம் கடலோடிகளுக்குத் தாழ்நிலத்துக் கோபுரத்தைவிடப் பயன்பட்டது.

இரண்டாவது எல்லை ஜி.எஸ்.எம். முறையின் உள்ளமைப்பிலேயே எழுதப்பட்டிருந்தது. எட்டு பேர் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டில், தொலைவில் உள்ளவரின் துண்டு தாமதமாக வந்தால் அது அடுத்தவரின் துண்டின்மேல் ஏறிவிடும். இதைத் தவிர்க்க, தள நிலையம் ஒவ்வொரு கருவிக்கும் 'இவ்வளவு முன்னதாக அனுப்பு' என்று 0 முதல் 63 வரையிலான ஓர் எண்ணைத் தருகிறது. எண்ணின் ஒவ்வொரு படியும் 3.69 மைக்ரோ நொடியை, அதாவது அலை போய்த் திரும்பும் கணக்கில் ஏறத்தாழ 550 மீட்டர் தொலைவைக் குறிக்கும். 63 படிகள் முடியும்போது 35 கிலோமீட்டர் வந்துவிடுகிறது. அதற்கு அப்பால் அலை எவ்வளவு தெளிவாகக் கேட்டாலும், வழக்கமான ஜி.எஸ்.எம். தள நிலையம் அந்தக் கருவிக்கு இடம் தராது. ஐரோப்பிய நிலப்பரப்பையும் நெடுஞ்சாலையையும் மனத்தில் கொண்டு முடிவான ஓர் எண், அரபிக் கடலில் பேசக்கூடிய எல்லையாக அமைந்தது.

மத்திச் சந்தையின் சான்று

தற்செயலாகக் கடல்மேல் விழுந்த அந்த அலை என்ன மாற்றத்தை விளைவித்தது என்பதை அளந்தவர் பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன். 2007இல் வெளியான அவருடைய ஆய்வுக் கட்டுரை, வடகேரளத்தின் கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு மாவட்டங்களில் 1996 முதல் 2001 வரை மத்தி மீன் சந்தைகளின் விலையை வாரந்தோறும் பதிவுசெய்த தரவின்மேல் எழுந்தது. செல்பேசிச் சேவை இம்மாவட்டங்களை 1997, 1998, 2000 என வெவ்வேறு ஆண்டுகளில் அடைந்ததால், சேவை வந்த கரையையும் வராத கரையையும் ஒரே காலத்தில் ஒப்பிட வாய்த்தது.

சேவை வருவதற்குமுன், ஒரு கரையில் மீன் மிகுந்து வாங்குவோர் இன்றிக் கொட்டப்பட, சில கிலோமீட்டர் தள்ளியிருந்த மற்றொரு கரையில் வாங்க வந்தோர் மீனின்றித் திரும்பும் நிலை இருந்தது. 1997 ஜனவரியின் ஒரு நாளில் வடகரை என்னும் ஊரில் 11 வள்ளத்தார் தங்கள் மீனை விற்க இயலாமல் கொட்டியதையும், அதே வேளையில் 15 கிலோமீட்டருக்குள் 27 வாங்குவோர் வெறுங்கையுடன் நின்றதையும் ஜென்சன் எடுத்துக்காட்டுகிறார். சேவை வந்தபின் வள்ளத்தார் கடலிலிருந்தே விலை கேட்டுக் கரையைத் தேர்ந்தனர். பிடித்த மீனில் 5 முதல் 8 விழுக்காடுவரை வீணாகிவந்த நிலை ஏறத்தாழ மறைந்தது. மீனவரின் ஆதாயம் சராசரியாக 8 விழுக்காடு உயர, நுகர்வோர் கொடுத்த விலை 4 விழுக்காடு குறைந்தது.

இம்முடிவுகள் உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டன. ஆயினும் கேரளக் கரை முழுவதற்கும் அவற்றை அப்படியே பொருத்த முடியுமா என்ற ஐயமும் எழுந்தது. ஜானகி ஸ்ரீநிவாசனும் ஜென்னா பர்ரலும் பின்னர் கேரளத்தில் மேற்கொண்ட கள ஆய்வு, விலையை அறிந்திருப்பது மட்டுமே மீனவரின் முடிவைத் தீர்மானிப்பதில்லை என்பதை உணர்த்தியது. வள்ளத்துக்கும் வலைக்கும் கடன் கொடுத்த தரகரிடமே மீனை விற்க வேண்டிய கட்டாயம், எரிபொருள் செலவு, இறங்குதளத்தின் வசதி, ஏலம் நடக்கும் முறை ஆகியவை உள்ளவரை, அடுத்த கரையின் விலையைத் தெரிந்துகொண்டவர் அங்கே செல்லும் சுதந்திரத்தையும் பெற்றுவிட்டதாகக் கருத இயலாது. மீன் எங்கே கிடைக்கிறது என்று உறவினருக்குச் சொல்லவும், இயந்திரம் பழுதானால் உதவி கேட்கவும், வீட்டாரிடம் நலம் தெரிவிக்கவும் கருவி பயன்பட்டதும் விலைக் கணக்குக்கு நிகரான முக்கியத்துவம் உடையதே.

கடலில் விழுந்த மாநில எல்லை

தென்கரைக்கு மற்றொரு சிக்கலும் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, திருவிதாங்கூரின் தென்பகுதி கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்துடன் இணைந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் தொலைத்தொடர்பு வட்டங்கள் மாநில எல்லைகளைப் பின்பற்றியதால், பொழியூருக்கும் நீரோடிக்கும் இடையே நிலத்தில் ஓடிய கோடு அலைவரிசைகளுக்கும் உரியதாயிற்று. ஒரு பக்கத்துக் கோபுரம் கேரள உரிமத்தின் கீழும், மறுபக்கத்துக் கோபுரம் தமிழ்நாட்டு உரிமத்தின் கீழும் இயங்க, இரண்டின் அலையும் ஒரே கடற்பரப்பில் கலந்து விழுந்தது.

கருவி கோபுரத்தைத் தேர்வது அலையின் வலிமையையும் சிம் அட்டையின் அனுமதியையும் கொண்டு மட்டுமே. இதனால் களியக்காவிளை, பாறசாலை வட்டாரத்திலும் அதை ஒட்டிய கடலிலும் இருந்தவர், இடம் பெயராமலே 'ரோமிங்' எனப்படும் வெளிவட்ட நிலைக்குப் போய்விடக்கூடும். அந்நிலையில் வரும் அழைப்புக்கும் பணம் கழியும். எல்லையின் இருபுறமும் உறவும் வணிகமும் கொண்ட குடும்பங்களுக்கு இது தொடர்ந்து ஏற்பட்ட செலவு. பி.எஸ்.என்.எல். 2015 ஜூன் 15 முதல் நாடெங்கும் ரோமிங்கில் வரும் அழைப்பை இலவசமாக்கியது. பிற நிறுவனங்களும் பின்னர் அதே வழிக்கு வந்தன. கடலில் விழுந்த மாநில எல்லை, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் கட்டணச் சீட்டிலிருந்து மறைந்தது.

பெருகிய சேவை, நீளாத எல்லை

2000 அக்டோபர் 1 அன்று தொலைத்தொடர்புத் துறையின் சேவைப் பிரிவு பி.எஸ்.என்.எல். நிறுவனமாக மாறியது, 2002இல் அது செல்பேசிச் சேவையில் இறங்கியபின், 9447 என்று தொடங்கும் எண்கள் கேரளத்தின் சிற்றூர்களிலும் பரவின. 2003இல் அழைப்பை ஏற்பவர் பணம் செலுத்தும் முறை நீங்கியதே சாதாரண உழைப்பாளியின் கைக்கு இக்கருவி வந்துசேர்ந்ததற்குப் பெரிய காரணம். 2004இல் எஸ்கோடெல் ஐடியாவின் கைக்குச் சென்றது, பி.பி.எல்.லின் கேரளச் சேவை ஹட்சுக்கும் பின்னர் வோடபோனுக்கும் மாறியது. 2016 செப்டம்பரில் ஜியோவின் வருகை 4ஜி தரவைப் பொதுவாக்கியது. 2022 அக்டோபரில் இந்தியாவில் தொடங்கிய 5ஜி, அவ்வாண்டின் இறுதிக்குள் கொச்சியையும் திருவனந்தபுரத்தையும் எட்டியது.

இந்த வளர்ச்சியின் திசை, கூடுதல் தரவை நெருக்கமான செல்களில் தருவதாகும். 900 மெகாஹெர்ட்ஸ் ஜி.எஸ்.எம். கருவி உச்ச அளவாக 2 வாட் ஆற்றலுடன் பேசக்கூடியதாயிருக்க, 4ஜி கருவியின் வழக்கமான உச்சம் 0.2 வாட் மட்டுமே. 5ஜிக்கு இந்தியாவில் பெரிதும் பயன்படும் 3,300 மெகாஹெர்ட்ஸ் சுற்றிலான அலைகள், தாழ்ந்த அலைவரிசைகளைவிட விரைவில் மங்குபவை. 4ஜி நியமம் 100 கிலோமீட்டர் ஆரமுள்ள செல்லுக்கும் இடம் தந்து பழைய 35 கிலோமீட்டர் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டது என்றாலும், பூமியின் வளைவும் கருவியின் சிறிய ஆற்றலும் அப்படியே இருந்தன. நகரத்தின் நடுவில் வேகம் பல மடங்கு பெருகிய அதே காலத்தில், கடல்மேல் எல்லை அதற்கு ஈடாக நீளவில்லை.

மீன்பிடித் தொழிலோ எதிர்த்திசையில் நகர்ந்தது. கரைக்கு அருகில் மீன்வளம் குறையக் குறையப் படகுகள் மேலும் தொலைவு சென்றன. தூத்தூரைச் சூழ்ந்த எட்டு ஊர்களின் மீனவர், சுறாவையும் பிற பெருமீன்களையும் தேடி, கொச்சி முதலிய துறைமுகங்களிலிருந்து அரபிக் கடலில் நூற்றுக்கணக்கான கடல்மைல் தொலைவுக்குச் சென்று, வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்பவர்கள். கரைக் கோபுரத்தின் அலை அவர்களது பயணத்தின் முதல் சில மணிநேரத்துக்கும் கடைசிச் சில மணிநேரத்துக்கும் மட்டுமே உரியது.

ஒக்கி

2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்கு அருகே தோன்றிய காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், மறுநாள் காலை குமரிமுனைக் கடலில் ஒக்கி என்ற புயலாக வலுப்பெற்றது. வழக்கமாக வங்கக் கடலில் பல நாள் வளர்ந்து கரையை நெருங்கும் புயல்களைப் போலன்றி, ஒரே நாளுக்குள் வலுத்த ஒக்கி, திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களின் படகுகள் தொழிலில் இருந்த நேரத்திலேயே அவற்றின்மேல் வீசியது. புயல் என்ற திட்டவட்டமான எச்சரிக்கை வந்தபோது, முந்திய நாளோ அதற்கும் முன்போ புறப்பட்டிருந்தவர்கள் கோபுரத்தின் எல்லையைக் கடந்திருந்தனர். இரு மாநிலங்களிலும் சேர்த்து நூற்றுக்கணக்கான மீனவர் உயிரிழந்தனர் அல்லது காணாமற்போயினர். தேடுதலில் குளறுபடி என்றும் எச்சரிக்கை தாமதம் என்றும் கரையோர மக்கள் போராடினர்.

எச்சரிக்கையைக் கணித்த நேரம் குறித்த விவாதம் ஒருபுறமிருக்க, கணித்த செய்தியைக் கொண்டுசெல்லும் வழி இல்லாமையே வலையமைப்பின் வரலாற்றுக்கு உரிய செய்தி. எச்சரிக்கை ஒருநாள் முன்னதாகவே வந்திருந்தாலும், நூறு கடல்மைலுக்கு அப்பால் இருந்த படகின் செல்பேசிக்கு அது சென்றிருக்காது. இருபது ஆண்டுகளாகக் கரைக்கு அருகில் கிடைத்துவந்த சேவை, கடலிலும் தொடர்பு உண்டு என்ற பழக்கத்தை உருவாக்கியிருந்தது. அந்தச் சேவை வணிகத்தின் உபரியே என்பதும், பாதுகாப்புக்கான பொறுப்பை எந்த உரிமமும் அதன்மேல் சுமத்தவில்லை என்பதும் ஒக்கியின்போதுதான் பொதுவெளியில் உறைத்தன.

கோபுரத்துக்கு அப்பால்

ஒக்கிக்குப் பின் தேடப்பட்ட தீர்வுகள் செயற்கைக்கோளை நோக்கித் திரும்பின. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்ட தும்பா, இதே திருவனந்தபுரக் கரையின் மீனவ ஊர். அங்கே தொடங்கிய விண்வெளித் துறை, ஐம்பத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின் அக்கரையின் படகுகளுக்குச் செய்தி அனுப்பும் பொறுப்பை ஏற்றது. இந்தியாவின் நாவிக் வழிகாட்டிச் செயற்கைக்கோள்கள் வழியாக எச்சரிக்கை பெறும் கருவிகள் கேரளத்தில் படகுகளுக்கு வழங்கப்பட்டன. 2019 அக்டோபரில் அறிமுகமான ஜெமினி என்ற கருவி, ககன் செயற்கைக்கோள் அமைப்பின் வழியே வரும் புயல், பேரலை, மீன்வளம் பற்றிய செய்திகளைப் பெற்று, புளூடூத் மூலம் மீனவரின் செல்பேசித் திரையில் காட்டுவது. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள செயற்கைக்கோளுக்கு அடிவானத் தடை இல்லை; ஆழ்கடலும் அதன் பார்வைக்குள் அடங்கும்.

ஆனால் இக்கருவிகள் கேட்க மட்டுமே வல்லவை. அத்தனை உயரத்துக்குப் பேச்சைத் திருப்பி அனுப்புவதற்கு வேண்டிய ஆற்றலும் அலைவாங்கியும் விலையும் வேறு. ஆபத்தில் உள்ள படகு செயற்கைக்கோள் வழியே உதவி கேட்பதற்கான தனிக் கருவி 2010 முதலே புழக்கத்தில் இருந்தது. சென்னையில் உள்ள கடலோரக் காவல்படையின் மையம் அதன் குறிப்பைப் பெறும். எனினும் தன் அழைப்பு சேர்ந்ததா என்பதைப் படகில் இருப்பவர் அறிய வழியில்லாதிருந்தது; 2024 ஜனவரியில் அறிமுகமான அதன் இரண்டாம் தலைமுறைக் கருவியே பதில் ஒப்புகையைப் படகுக்குத் திருப்பி அனுப்பும் வசதியைக் கொண்டுவந்தது.

நிலத்திலும் ஒரு புதிய ஏற்பாடு வந்தது. குறிப்பிட்ட பகுதியின் கோபுரங்களிலிருந்து அங்குள்ள எல்லாக் கருவிகளுக்கும் ஒரே வேளையில், எவருடைய எண்ணும் தேவைப்படாமல், எச்சரிக்கையை ஒலிபரப்பும் முறையை சி-டாட் உருவாக்க, 2023இன் பிற்பகுதியில் கேரளம் உள்ளிட்ட மாநிலங்களில் அது சோதிக்கப்பட்டது. நெரிசலால் தடைபடாத இம்முறை, கரையில் புறப்படத் தயாராகும் படகுக்கும் அருகில் தொழில் செய்யும் வள்ளத்துக்கும் உறுதியாகப் பயன்படும். எல்லையைத் தாண்டிவிட்ட படகைப் பொறுத்தவரை இதுவும் கோபுரத்தின் அலைதான். அடிவானம் இதற்கும் உண்டு.

ஆகவே இக்கரையின் செல்பேசி வரலாற்றை விலைச் சரிவின் வெற்றியாகவோ ஒக்கியின் தோல்வியாகவோ மட்டும் எழுதுவது நிறைவாகாது. சந்தாதாரர் இருக்கும் இடத்துக்கே செல் செல்லும் என்பது இவ்வலையமைப்பின் பொருளாதாரம். கடல் அந்தக் கணக்கில் தானாக ஒருபோதும் நுழையாது. கடலுக்குத் தொடர்பு வேண்டுமெனில் அது அரசின் கடமையாக வரையறுக்கப்பட்டு, அதற்கெனத் தனியே செலவிடப்பட வேண்டும் என்பதை, உரிமம் வழங்கப்பட்ட ஆண்டிலிருந்து கணக்கிட்டால் இரு பத்தாண்டுகளுக்கும் அதிகமான காலம் கடந்தே கொள்கை வகுப்போர் ஏற்றனர்.

கடலைப் போலவே சந்தாதாரர் குறைந்த மற்றொரு நிலப்பரப்பு அகத்திய மலைச் சரிவின் பழங்குடிக் குடியிருப்புகள். 2020இல் வகுப்புகள் இணையத்துக்கும் தொலைக்காட்சிக்கும் மாறியபோது அங்கே எழுந்த கேள்விகளையும், 2023 ஜூன் 5 அன்று திருவனந்தபுரத்தில் தொடங்கிவைக்கப்பட்ட கே-ஃபோன் என்ற மாநில அரசின் கண்ணாடியிழை வலையமைப்பையும் அடுத்த அத்தியாயம் ஆராயும்.

(தொடரும்)